கோரைக்குக் கலர் தண்ணீர்

கம்பவுண்டர் குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். வீட்டில் அவரைத் தவிர ஈ காக்கை கிடையாது. இருந்தாலும் தப்புக் காரியம் செய்யும்போது தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது ஒரு ஒழுங்கு.

மக்கில் தண்ணீர் பிடித்தார். ஆறிப்போன டீயை ஒரு கரண்டி விட்டார். சாக்பீஸை நுணுக்கிய தூள் ஒரு சிட்டிகை. கலக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கலங்கலாக, லேசான பழுப்பாக, எந்தக் களையும் பார்த்த மாத்திரத்தில் உயிரை விட்டுவிடும் போலத்தான் இருந்தது. தெளிப்பானில் ஊற்றி மூடியைத் திருகினார்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுத்தவர். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது. பேச ஆள் இருக்காது, அவ்வளவுதான். அவர்களுக்கென்றே ஒரு ரோஸ் கலர் தண்ணீர் உண்டு. "மூணு வேளை குடிங்க. அடுத்த வாரம் வந்து காட்டுங்க" என்று சொல்லிக் கொடுப்பார். அடுத்த வாரம் வந்துவிடுவார்கள். அந்த மருந்தின் குணமே அதுதான்.

இப்போது அதே வைத்தியத்தைப் புல்வெளிக்குச் செய்துகொண்டிருக்கிறார்.

இதுவரை நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். புல்வெளி அவர் மனைவி போட்டது. அவள் இருந்தவரை செருப்புக் காலோடு அதில் இறங்க அவருக்கு அனுமதி கிடையாது. அவள் போன பிறகு, அதைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, தினமும் ரெண்டு வேளை தண்ணீர் விட்டார். வெட்டும்போது மண் தெரிய ஒட்ட வெட்டினார். ஒழுகுகிற குழாய்ப் பக்கம் பசேலென்று மண்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பாராட்டினார். கம்பவுண்டர் அடக்கமாகச் சிரித்து அதை ஏற்றுக்கொண்டார்.

அதற்குள் மகனுக்கும் மருமகளுக்கும் ஒத்துவராமல் போய், கோர்ட்டில் கையெழுத்தாகி, மகன் வேறு ஊருக்குப் போய்விட்டான். மருமகள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு தனியாகப் போனாள். விட்டுப்போன தையல் மெஷினை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், தோட்டத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"மாமா, இது புல்லு இல்ல."

ஒரு தண்டைக் கிள்ளி அவர் விரலுக்கு நடுவில் வைத்தாள். "உருட்டுங்க."

உருட்டினார். உருளவில்லை. மூன்று பட்டையாக விரலில் தட்டியது.

"புல்லா இருந்தா உருளும். இது கோரை. எங்கப்பா மைதானத்துல புல்லு பாத்துக்கிற வேலையில இருந்தவரு. நான் நடக்கக் கத்துக்கிட்டதே கோரை புடுங்கிக்கிட்டுத்தான்."

தையல் மெஷின் எடுக்கப்படவில்லை. அவள்தான் வாராவாரம் வர ஆரம்பித்தாள். முதலில் தோண்டிப் பார்த்தார்கள். மண்ணுக்கடியில் மெல்லிய கம்பி மாதிரி வேர் ஓடி, அதில் கறுப்பு மணி கோத்த மாதிரி கிழங்குகள். இழுத்தால் வேர் அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். தூங்கிக்கொண்டிருந்த பக்கத்துக் கிழங்கும் எழுந்து உட்காரும். கடைசியில், புல்லை விட்டுவிட்டுக் கோரையை மட்டும் கொல்லுகிற மருந்து ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். "மருந்து கலக்கறது உங்க வேலைதானே மாமா" என்று கையில் கொடுத்தாள்.

அங்கேதான் கம்பவுண்டர் யோசித்தார். கோரை போய்விட்டால் அவள் எதற்கு வருவாள்?

பாக்கெட் பரணுக்குப் போனது. டீயும் சாக்பீஸும் தெளிப்பானுக்கு வந்தன.

*

கேட் சத்தம் கேட்டது. அப்போதுதான் தற்செயலாக வெளியே வந்தவர் மாதிரி கம்பவுண்டர் வாசலுக்கு வந்தார். காலையிலிருந்து இப்படித் தற்செயலாகப் பல தடவை வந்தாகிவிட்டது.

"என்னம்மா, லேட்டு?"

"பஸ் கெடைக்கல மாமா." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிற வேலை அவளுக்கு. நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கு வெளிர்நீலம். "முட்டி எப்படி இருக்கு?"

"அது இருக்கு, அது பாட்டுக்கு."

சட்டப்படி அவள் இப்போது அவருக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. ஆனால் கோர்ட்டுக் காகிதத்தில் 'மாமா'வைக் கோடு போட்டு அடிக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவளும் விடவில்லை, அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

"டீ போடட்டுமா?"

"வேலைய முடிச்சிட்டுக் குடிக்கலாம். மாமா, கொஞ்ச நேரத்துல ஒரு வண்டி வரும். தையல் மெஷினை எடுத்துக்கறேன்."

கம்பவுண்டர் தலையாட்டினார். "எடுத்துக்கோம்மா. உன் மெஷின்தானே. நான் என்ன பாவாடையா தைக்கப்போறேன்."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். அதோடு அந்த ஜோக்கு செத்தது.

குழாய்ப் பக்கம் போய்க் குந்தினாள். ரெண்டு கட்டில் போடுகிற அளவு இடம். அங்கேதான் கோரை அடர்த்தி.

"எப்ப வெட்டினீங்க?"

"புதன்கிழமை."

"பாருங்க, புல்லு வெட்டின எடத்துலயே நிக்குது. இது மட்டும் கழுத்தை நீட்டிக்கிட்டு வந்துடுச்சு. இத்தனை வாரம் மருந்து அடிச்சும் ஒரு எலைகூட மஞ்சளாகல."

"கெட்டிக் களைம்மா அது."

"ஆமா, நல்ல தெம்பா இருக்கு. காலையில டீ குடிச்ச மாதிரி."

கம்பவுண்டருக்குக் காது சூடாயிற்று. அவள் தெளிப்பானை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். கடையில் டப்பாவைத் திறந்து பார்க்கிற பார்வை.

"அந்த மருந்தைக் கரைச்சா சாம்பல் ஓடின பழுப்பு வரும் மாமா. இதுல செவப்பு தூக்கல். பாலும் சேத்திருக்கீங்க."

"பாலு இல்ல, சாக்பீஸு." வாய் முந்திக்கொண்டுவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. தெளிப்பானைக் கீழே வைத்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார்.

"மொத வாரமே."

"அப்புறம் எதுக்கு அடிச்சே?"

நகக்கண்ணிலிருந்த நீலத்தைச் சுரண்டினாள். "நீங்க தண்ணின்னு தெரிஞ்சு கலந்தீங்க. நான் தண்ணின்னு தெரிஞ்சு அடிச்சேன். கோரை ஒண்ணுதான் மருந்துன்னு நம்பிக் குடிச்சிருக்கு பாவம்."

இப்போது ரெண்டு பேருமே சிரித்தார்கள். கம்பவுண்டருக்குக் கண்ணோரம் நனைந்தது. மாட்டிக்கொண்டதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ மாட்டிக்கொண்டிருப்பார். சரி, இனிமேல் டீ செலவும் மிச்சம், வெறும் தண்ணீரே போதும், அவள் பாட்டுக்கு வரலாம், அவர் பாட்டுக்குக் கலக்கலாம் என்று அவர் மனசு கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவள் சொன்னாள்:

"ஆனா இன்னிக்கு நெஜ மருந்து வேணும். கொட்டிட்டீங்களா?"

"மருந்தைக் கொட்டறவனா நான்? லேபிள் ஒட்டிப் பரண்ல வெச்சிருக்கேன்."

"எடுங்க."

"என்ன அவசரம்?"

"எங்க கடைக்கு வேற ஊர்ல ஒரு கிளை திறக்கறாங்க. கலர் தெரிஞ்ச ஆள் வேணும்னாங்க. நான் போறேன்னு சொல்லிட்டேன். இந்த வாரமே வரச்சொல்றாங்க."

"அவங்களா அனுப்பறாங்களா, இல்ல நீயா..."

"நானாத்தான் கேட்டேன் மாமா."

கம்பவுண்டர் குழாயைப் பார்த்தார். அது ஒழுகிக்கொண்டிருந்தது. "தூரமா?"

"ஞாயித்துக்கிழமை வந்துட்டுத் திரும்பற தூரம் இல்ல."

ஒரு கோரையை விரலில் வைத்து உருட்டப் பார்த்தாள். பிறகு அதனிடம் சொல்வது போலவே சொன்னாள்: "இந்த வீட்டுல நான் கை வெச்ச காரியம் ஒண்ணுகூட முடிஞ்சதில்ல. இது ஒண்ணாவது முடியட்டுமே."

*

பாக்கெட்டைப் பரணிலிருந்து இறக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஆனாலும் அளவு பிசகவில்லை. அந்த விஷயத்தில் கை அவருடையது இல்லை, தொழிலுடையது. பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பில் சில சொட்டு விடச் சொன்னாள் அவள்.

"சோப்பு எதுக்கு?"

"எலையில மெழுகு இருக்கு. தண்ணி நிக்காம உருண்டு ஓடிடும். சோப்பு விட்டா ஒட்டும்."

"உருளாதுன்னுதானே சொன்னே?"

"தண்டு உருளாது. தண்ணி உருளும். பேசாம ஊத்துங்க மாமா."

புஸ், புஸ் என்று அடித்துக்கொண்டே போனாள். வரப்போரம் மனைவி வைத்த பூச்செடிகள் வந்ததும் நின்று, பழைய நியூஸ்பேப்பரை விரித்து அவர் கையில் கொடுத்தாள். "இப்படி மறைச்சுப் பிடிங்க. காத்துல அத்தை செடி மேல பட்டுடப் போகுது." கம்பவுண்டர் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, செடிக்குத் திரை போட்டவர் மாதிரி நின்றார்.

அப்போதுதான் மகளின் கார் வந்து நின்றது.

மகளுக்கு வீட்டில் 'சூப்பர்வைசர்' என்று பெயர். ஒரு பெரிய ஹோட்டலில் அறைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்க்கிற உத்தியோகம். படுக்கை விரிப்பின் மூலை மடிப்பைப் பார்த்தே அதை விரித்தவர் காலையில் யாரோடு சண்டை போட்டார் என்று சொல்லிவிடுவாள். அப்பா வீட்டுக்கு மாதம் ஒரு தடவை வருவாள். வந்ததும் ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை ஓட்டிப் பார்ப்பாள்.

இன்றைக்கு விரலை ஓட்டவில்லை. புல்வெளியைப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள் மருமகள், நிமிராமல்.

"ம். வேலை நடக்குதா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு 'அண்ணி' இருந்திருக்க வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து மகள் அதை விழுங்கிவிட்டு, யாரையும் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடாமல் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். சுலபமில்லை. சில வாக்கியங்கள் மொட்டைத் தலையோடு வந்து நிற்கும்.

"அப்பா, உள்ள வா. ஒரு விஷயம்."

சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அந்தச் சமையலறை ஜன்னல் நேராகக் கோரைப் பக்கம் திறக்கும் என்பதை மூன்று பேருமே ஒரு காலத்தில் அறிந்திருந்தார்கள்.

"அண்ணன் அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றான்ப்பா."

"வரட்டும்."

"தனியா வரல."

கம்பவுண்டர் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். வெளியே புஸ், புஸ்.

"நல்ல பொண்ணுதான். நான் பேசியிருக்கேன். வீட்டைப் பாக்கணுமாம், உன்னைப் பாக்கணுமாம். அவங்க வர்ற நேரத்துல இவங்க தோட்டத்துல குந்திக்கிட்டிருந்தா எப்படிப்பா இருக்கும்?"

வெளியே புஸ் சத்தம் நின்றது.

"மெதுவாப் பேசு."

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலயே. அவங்க மேல ஒரு குறையும் இல்ல. எல்லாம் அண்ணன் பண்ணினதுதான், எனக்குத் தெரியாதா? ஆனா முடிஞ்சது முடிஞ்சதுதானேப்பா. உனக்கு ஆளு வேணும்னா நான் வர மாட்டேனா?"

"வர்றியே. மாசம் ஒருவாட்டி தூசி பாக்க."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. மகள் சிங்க்கில் கிடந்த ஒற்றைத் தட்டையும் ஒற்றை டம்ளரையும் எடுத்து, கழுவி, கழுவியதைத் துடைத்து, துடைத்ததை மறுபடியும் கழுவினாள்.

"இந்தப் புல்லுதானே பிரச்சினை?" என்றாள் கொஞ்சம் கழித்து. "முழுக்கக் கல்லு பதிச்சுடலாம். புல்லும் வேணாம், கோரையும் வேணாம்."

"கல்லு இடுக்குலயும் வரும் அது."

"தார் ரோட்டையே குத்திக்கிட்டு வரும்" என்றது ஜன்னல். மருமகள் வெளியே நின்றுகொண்டிருந்தாள், முழங்கை வரை சோப்பு நுரையோடு. "மாமா, கை கழுவணும். குழாயில தண்ணி நூலா வருது. ஒரு மக்கு தர்றீங்களா?"

மக்கு ஜன்னல் வழியாகக் கைமாறியது. மூன்று பேரும் அந்த மக்கையே பார்த்தார்கள். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

அவள் போன பிறகு கம்பவுண்டர் சொன்னார்: "அடுத்த வாரம் நீ கவலைப்பட வேண்டாம். அவ வர மாட்டா. வேற ஊருக்குப் போறா."

மகள் தட்டைத் துடைத்துக்கொண்டே "ஓ" என்றாள். எந்த ஊர் என்று கேட்கவில்லை. எப்போது என்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிற பெண்.

*

வண்டி வந்தது. வண்டிக்காரரும் மருமகளும் மெஷினைத் தூக்கி ஏற்றினார்கள். மகள் ஓடிப்போய் நடுவில் ஒரு கை கொடுத்தாள். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. கனமான சாமான் தூக்கும்போது அது ஒரு வசதி. மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் புதுசாக இருந்தது.

கேட்டோரம் நின்று மருமகள் விதிமுறைகளைச் சொன்னாள்.

"சாயங்காலம் வரைக்கும் நனையக் கூடாது மாமா. எலையில காஞ்சு, உள்ள இறங்கி, கிழங்கு வரைக்கும் போகணும். நனைஞ்சா எல்லாம் வீண்."

"மழை வந்தா?"

"வராது. வானம் வெளுத்துத்தான் இருக்கு. ரெண்டு நாளு வெட்டாதீங்க, மிதிக்காதீங்க. தண்ணி ஊத்தறதைக் குறைங்க. அந்தக் குழாய்க்கு வாஷர் மாத்துங்க. மெதுவாத்தான் மஞ்சளாகும். ஒரேயடியாப் போயிடாது, மறுபடி தலை காட்டும். அப்போ இன்னொரு தடவை அடிக்கணும்."

"அப்போ நீ..."

"பாக்கெட்ல மீதி இருக்கு. நீங்களே கலந்துக்கலாம். டீ மட்டும் வேணாம்."

கம்பவுண்டருக்குக் கேட்க வேண்டியது ஒன்று தொண்டை வரை வந்தது. ஏன் போகிறாய் என்பது அது. வாய் திறந்தபோது வந்தது வேறு. "இனிமே எவ்வளவு உயரம் விட்டு வெட்டணும்?"

"நாலு விரல் விடுங்க. புல்லு நெழல் கட்டினா கோரைக்கு வெயில் கெடைக்காது."

"நாலு விரலா."

"நாலு விரல்."

இதற்கு மேல் புல் வெட்டுவதைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் வண்டியில் முன்பக்கம் ஏறிக்கொண்டாள். வண்டி தெருமுனையில் இடது பக்கம் திரும்பியது. கெட்டில் உள்ளே கொதித்துத் தானாக அணைந்திருந்தது. டீ யாரும் குடிக்கவில்லை.

மகளும் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். விரலைப் பார்க்காமலேயே போனாள்.

*

சாப்பிட ரொட்டி இருந்தது. கம்பவுண்டர் அதைத் தின்றபடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிரே கோரை, மருந்து குடித்தும் குடிக்காத மாதிரி, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அவருக்கு அதன்மேல் ஒரு பாசம்கூட வந்தது. இந்த வீட்டுக்கு வாராவாரம் ஆள் வரவழைத்தது அதுதானே. பெற்ற பிள்ளைகள்கூட அந்தக் காரியத்தைச் செய்யவில்லை.

மூன்று மணி வாக்கில் வெயில் மங்கியது. நிமிர்ந்து பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைப்பதற்கில்லை. தான் ஒன்றும் செய்யவில்லை. டீ இல்லை, சாக்பீஸ் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. வானம் பார்த்து அதுவாகக் கழுவிவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? போன் பண்ணலாம். "மழை பேஞ்சிடுச்சும்மா, எல்லாம் வீணாப்போச்சு" என்று சொல்லலாம். எவ்வளவு தூர ஊராக இருந்தாலும், மாதம் ஒரு தடவையாவது வந்து பார்க்கச் சொல்லலாம். நல்லாப் பார்ப்பதற்காக நாற்காலியைக் கொஞ்சம் முன்னால்கூட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் துளி அவர் கண்ணாடியில் விழுந்தது.

கோரை நடுவில் இரண்டு பள்ளம் தெரிந்தது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்த இடம். ஒரு இலை விடாமல், அடியிலும் மேலிலும், அவ்வளவு பொறுமையாக அடித்திருந்தாள். இது ஒண்ணாவது முடியட்டுமே.

"அட போ" என்று யாரையோ திட்டிக்கொண்டு கம்பவுண்டர் எழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருந்தால் போனில் யாரையாவது கூப்பிட்டிருப்பார். டைனிங் டேபிள் நாற்காலிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கோரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மிதித்துவிடாமல் ஓரமாக, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தன. அவற்றின் முதுகில் பிளாஸ்டிக் மேஜை விரிப்பு. அது போதவில்லை. குளியலறைத் திரையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதுவும் போதவில்லை. இருந்த குடைகள் எல்லாவற்றையும், கம்பி உடைந்தது உள்பட, விரித்து இடுக்குகளில் கவிழ்த்தார். முட்டி ஒவ்வொரு குனிதலுக்கும் தனித்தனியாகக் கணக்குச் சொன்னது. கடைசியில் ஒரு மூலைக்கு நாற்காலி பற்றவில்லை. அந்த மூலையைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

"என்னப்பா இது?"

கேட்டுக்குள்ளே மகள் நின்றாள். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"அந்தப் பக்கம் சரியுது பாரு. பிடி."

மகள் கைப்பையைப் படியில் எறிந்துவிட்டு வந்து பிடித்தாள். பிடித்த கை சும்மா இருக்கவில்லை. நாற்காலி முதுகில் விரிப்பைச் சுற்றி, மூலையை மடித்து, உள்ளே செருகி, ஹோட்டல் கட்டில் மாதிரி இறுக்கினாள். அதன் பிறகு அந்தப் பக்கம் அசையவில்லை. இந்தப் பக்கம் வந்து அப்பாவோடு கடைசி மூலையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். கோரை மட்டும் நனையவில்லை.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"கோவப்பட எங்க? கை ரெண்டும் வேலையா இருக்கு."

"போன வாரம் அண்ணி கடைக்குப் போயிருந்தேன்."

விழுங்கிய 'அண்ணி' வெளியே வந்துவிட்டதை அவளே கவனிக்கவில்லை. கம்பவுண்டர் கவனித்தார்.

"என்ன சொன்னே?"

"தப்பா ஒண்ணும் சொல்லலப்பா. அண்ணன் வர்றதைச் சொன்னேன். இனிமே இங்க வர வேணாமேன்னு கேட்டுக்கிட்டேன். சரின்னாங்க. எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் குடுன்னாங்க." மகள் மூக்கை உறிஞ்சினாள், மழையில் அது அழுகையா என்று சொல்ல முடியாது. "என்கிட்ட கேக்கறாங்கப்பா. நான் என்னமோ அவங்களுக்கு லீவு குடுக்கற ஆளு மாதிரி."

விரிப்பின் மேல் மழை பொரிந்து தள்ளியது.

"போன் போடு அவளுக்கு" என்றார் கம்பவுண்டர்.

"வர்ற வழியிலேயே போட்டேன். ரெண்டு மூணு தடவை. எடுக்கல."

"அப்போ வீட்டுக்குப் போவோம். அவ எங்க இருக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்? கடைதான் தெரியும். அதுவும் இன்னிக்குப் பூட்டிக் கிடக்கும்." மகள் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதாப்பா? வாராவாரம் வர்றாங்களே."

கம்பவுண்டர் யோசித்தார். வருவாள். முட்டி எப்படி என்று கேட்பாள். தூக்கம் வந்ததா என்று கேட்பாள். அவர் சொல்வார், ராத்திரி முழுக்கச் சேர்த்துவைத்ததை எல்லாம் சொல்வார். அவள் எந்தத் தெருவில், எத்தனை மாடி ஏறி, யாரோடு இருக்கிறாள், வீட்டுக்குப் போனால் அவளுக்கு யார் டீ போடுகிறார்கள் என்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கேட்டதில்லை. எந்த பஸ் என்றுகூடத் தெரியாது. கோரைக் கிழங்கு மண்ணுக்குள் எப்படி எப்படிப் போகும் என்று கேட்டால் படமே போட்டுக் காட்டுவார்.

"இந்த மூலையையும் நீயே பிடிச்சுக்கோ" என்றார்.

"எங்க போற? அப்பா, குடையாவது எடுத்துட்டுப் போ."

குடைகள் எல்லாம் கோரைக்கு மேல் கவிழ்ந்திருந்தன. கம்பவுண்டர் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தார். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வண்டி காலையில் இடது பக்கம் திரும்பியது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இடது பக்கம் நடந்தார்.